ஈரத்தில் பூசியவர்

பெயரில் ஏந்தல் உண்டு, ஏந்தலில் தண்ணீர் கிடையாது, தண்ணீர் கிடையாது என்பதை உட்கார்ந்து பேசுவதற்குக் கடைக்குக் கடை பெஞ்சு மட்டும் உண்டு. அப்படிப்பட்ட தாழையேந்தலில் ஒரு வைகாசி மாதத்து நட்டநடுப் பகலில் மார்கழிப் பனி இறங்கியது. கிழக்கே பேரூராட்சியின் ‘நன்றி, மீண்டும் வருக’ பலகையிலிருந்து மேற்கே பருத்தி மில்லின் இடிந்த சுவர் வரைக்கும் துவைத்த வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி இறங்கிய பனி, பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு முழம்கூடப் போகவில்லை. பலகை வரைக்கும் வேர்த்து விறுவிறுத்து வந்த டவுன் பஸ் டிரைவர், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், “காதுல கட்ட யாராச்சும் ஒரு துண்டு குடுங்கப்பா” என்று கேட்டார்.

ஊர் அதிசயப்படவில்லை. பனி எப்போது விலகுமோ தெரியாது, கிடைத்த மட்டும் அனுபவித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதிசயப்பட யாருக்கும் நேரமில்லை. பெட்டியடியில் கிடந்த குரங்குக் குல்லாய்கள் வெளியே வந்தன. பெண்கள் மதியச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வாசலில் பூசணிப்பூ வைக்கத் தோதாகப் பெரிய கோலமாகப் போட்டார்கள். பஜனை கோஷ்டி ஜால்ராவைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. பெருமாள் கோயில் பட்டர், “மாசத்தப் பாக்குறதா, குளிரப் பாக்குறதா” என்று சற்று யோசித்து, குளிரைப் பார்த்து, வெண்பொங்கல் வைத்தார். சபரிமலைக்கு மாலை போட்டுவிடலாமா என்று கேட்டு வந்த இருவரைக் குருசாமி திட்டி அனுப்பினார்; திட்டும்போது அவர் வாயிலிருந்து ஆவி வந்தது.

அந்த நேரத்தில் ஜெசிந்தா, பழைய தாலுகா கச்சேரியில் நடக்கும் அருங்காட்சியகத்தில், ஒரு மர யாளியின் இடது காதைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

யாளி என்றால் சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, முழி பிதுங்கிய கண். ஓடாமல் நின்றுபோன தேர் ஒன்றிலிருந்து கழற்றியது, இலுப்பை மரம், ஆள் உயரம். கூடப் பிறந்தவையெல்லாம் அடுப்புக்குப் போய்விட, இது மட்டும் பல் அதிகமாக இருந்த காரணத்தால் பயந்து யாரும் வெட்டாமல் தப்பித்து வந்ததாகப் பேச்சு. ஊர் இதற்கு வைத்த பெயர் பல்லன். பல்லனைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு நூற்றாண்டாக ஆள் மாற்றி ஆள் வந்திருந்தார்கள்; வந்தவர் எல்லாரும் எதையாவது பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் எதைப் பூசினார்கள், பூசியதில் எது மரத்தைத் தாங்குகிறது, எது மரத்தைத் தின்கிறது என்று ஆராய்ந்து எழுதி, தின்பதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூச வேண்டியது ஜெசிந்தாவின் வேலை. நாகர்கோவில்காரி, வேதியியல் படித்தவள், நாற்பது தாண்டியவள், அதிகம் பேசாதவள். ஊர் அவளை மருந்தம்மா என்றது.

கத்திமுனையால் கடுகளவு சுரண்டி எடுத்து, குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பூச்சுகள் பிய்த்த பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். சாராயத்தில் கரைந்தால் அரக்கு. டர்பன்டைனில் கரைந்தால் மெழுகு. வெந்நீரில் ஊறி வெள்ளையாக வழிந்தால் தச்சர்கள் ஒட்டுகிற பசை. அசிட்டோனுக்கு மட்டும் இளகினால் இந்தக் காலத்துப் பிசின். அன்று காலையில் பல்லனின் காதிலிருந்து அவள் சுரண்டிய கடுகைக் கரைத்தபோது நுண்ணோக்கியின் கண்ணாடியில் பனி படிந்தது. துடைத்தாள். மறுபடி படிந்தது. சரி, கண்ணாடியில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, பஞ்சை நனைத்துக் காதையே துடைக்கத் தொடங்கினாள். ஊர் முழுக்கப் படிந்துவிட்டது.

காப்பாட்சியர் திருமேனிநாதன் ஓடி வந்தார். ஆடிட்டுக்குப் பயந்து பயந்தே தலை வழுக்கையான மனிதர்.

“மேடம், நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களா?”

“மேல இருந்த வார்னிஷ எடுத்தேன் சார்.”

“அது மந்திரி வர்றாருன்னு காண்ட்ராக்டர் ஆள் வெச்சு அடிச்சது. மார்கழி மாசம். விடியக்காலம் பனி கொட்டக் கொட்ட அடிச்சாங்க. நான்தான் டார்ச் புடிச்சேன்.” சொல்லிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “இத ரிப்போர்ட்ல எழுதணுமா?”

“எழுதத்தான் வேணும்.”

“எழுதுறதுன்னா ‘இதர குறிப்புகள்’ல போடுங்க மேடம். அத யாரும் படிக்கிறதில்ல.”

பூசிய நாள் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, பூச்சைக் கரைத்தால் நாள் வெளியே வருகிறது என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லாரும் அதை ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டது என்பது போலத்தான் சொல்லிக்கொண்டார்கள். மறுநாளே அருங்காட்சியக வாசலில் கூட்டம். தங்கச்சி கல்யாணத்தன்று கொஞ்சம் காற்று வேண்டும் என்றார் ஒருவர். வடகம் போட்டிருக்கிறேன், காயும்வரை பஞ்சைத் தொடாதே என்றாள் ஒருத்தி. வாசல் பெருக்கி, பூட்டுத் திறந்து, வருகிறவர்களை அதட்டி உட்கார வைக்கும் பெருமாயி எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்: “இது என்ன ரேடியோவா, கேட்ட பாட்டுப் போட? மேல இருக்குறதுதான் மொதல்ல வரும். போங்க, போங்க.”

யாருக்கும் தெரியாத ஒன்றை ஜெசிந்தா மனதில் வைத்திருந்தாள். பல்லனின் வயிற்றுக்குள் கறையான் குடைந்த வளைகளில் ஊசியால் ஏற்றிய பழுப்புப் பிசின் இருந்தது. அதை ஏற்றியவர் அவள் புருஷன் அல்போன்ஸ். இதே துறையில் இதே வேலை பார்த்தவர். இந்தத் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சலசலவென்று கிடக்கும்போதுதான் பூச வேண்டும், ஈரத்தோடு பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டி மரம் பாயாசமாகிவிடும். அல்போன்ஸ் ஏற்றிய இரண்டே வருஷத்தில் பல்லனின் வயிறு உளுத்தது. மழைக்காலத்தில் பூசினார் என்று விசாரணை வைத்தார்கள். அவர் அங்கே வாயைத் திறக்கவில்லை. வேலை போயிற்று. பெயின்ட் கடையில் டப்பா எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார். நாலு வருஷத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். விசாரணையில் பேசாதவர் வீட்டில் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லியிருந்தார்: “வெயில்லதான் பூசினேன் ஜெசி. சட்டி காயுற வெயிலு.” அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் அவள் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தாள். அதை நிரூபிக்கத்தான், யாருடைய மனைவி என்று சொல்லாமல், இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வந்தாள். நுண்ணோக்கியில் பிசினின் நிறத்தைப் பார்த்து ஏதாவது ஊகிக்கலாம் என்றுதான் வந்தது. இப்போது பிசினைக் கரைத்தால் அன்றைய வானமே வந்து சாட்சி சொல்லும் என்று ஆகிவிட்டது. ஆகிவிட்டதும் அவளுக்குப் பயம் வந்தது. வயிற்றை விட்டுவிட்டு முதுகில் தொடங்கினாள்.

முதுகில் இருந்தது தேன்மெழுகு. பூசியவர் தணிகாசலம் என்ற அந்தக் காலத்துக் காப்பாளர். கூடத்தில் தலைப்பாகையோடு படமாகத் தொங்குகிறவர். டர்பன்டைன் பஞ்சை வைத்து நாலு இழுப்பு இழுத்ததும் தாழையேந்தலின்மேல் யாரோ எந்தக் காலத்திலோ மூடி வைத்திருந்த ஒரு சித்திரை திறந்துகொண்டது. காக்கை பறக்கவில்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. உப்பளத்தில் வேலை செய்து பழகியவர்களே ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். முதுகு பெரிய முதுகு. வேலை முடிகிறவரை வெயில் விடவில்லை. ஊர் தணிகாசலத்தை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து ஏசியது. ஏசியும் ஆத்திரம் தீராமல் பத்துப் பேர் உள்ளே வந்து அவர் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் மெழுகுக்கு அடியில் இருந்த மரம்! தட்டினால் மணி மாதிரி கணீரென்றது. செதுக்கியவன் உளி பட்ட இடம்கூட மழுங்காமல் இருந்தது. ஜெசிந்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த படத்தின் முதுகுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். நல்ல வேலைக்காரன் வெயிலைத்தான் விட்டுப் போவான் என்பது அன்றைக்கு அவளுக்கு உறுதியானது, சந்தோஷமாக இருந்தது. ஊரே வெந்துகொண்டிருக்கும்போது சந்தோஷப்படுவது கூச்சமாகவும் இருந்தது.

அடுத்து மார்பு. மார்பில் ஒரு பெரிய ஓட்டையை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தது. அடைத்தவன் கொண்டப்பன் என்கிற தச்சன். எந்த நேரமும் தண்ணியில் மிதந்தவன், அடைமழைக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காமல் ஒதுங்க வந்த இடத்தில் இதைச் செய்தான் என்று ஊருக்கு ஞாபகம். வெந்நீர்ப் பஞ்சு பட்டதும் ஐப்பசி இறங்கியது. மழை என்றால் அப்படி மழை. ஓடைகள் தங்கள் வழியை மறந்திருந்தன. கேட்டுக் கேட்டுப் போனது மாதிரி தெருத் தெருவாக நுழைந்து ஏந்தலுக்குப் போய்ச் சேர்ந்தன. பலகைக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர்க்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லையில் வரிசையாக நின்று, குடத்தை மட்டும் இந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தார்கள். கொண்டப்பனின் பேரன் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான்; தாத்தாவைப் பற்றி வெளியே சொல்லவே வெட்கப்பட்டவனைக் கடையிலிருந்து தூக்கி, மாலை போட்டு, நனைய நனைய ஊர்வலம் விட்டார்கள். மார்பில் பசை போனதும் ஜெசிந்தா விரலை வைத்தாள். டீயில் ஊறின ரொட்டியில் போகிற மாதிரி மரத்துக்குள் விரல் போயிற்று.

ஊருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. பேரூராட்சித் தலைவர் அங்கயற்கண்ணி. பேசுகிறவர் அவர் வீட்டுக்காரர் மச்சக்காளை. இருவரும் வந்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார், மச்சக்காளை நின்றுகொண்டு தலைமை தாங்கினார்.

“நல்ல வேலை செஞ்சவன்லாம் நம்மள சுட்டுப்புட்டான் தாயி. அது போகட்டும். கெட்ட வேலை பாத்த புண்ணியவான் இன்னும் யாராச்சும் பாக்கி இருக்காகளா, அதச் சொல்லுங்க.”

“அப்படியெல்லாம் தேட முடியாதுங்க. மரத்துக்கு எது தேவையோ அததான் நான் செய்யணும்.”

“மரம் எங்க தாயி போகப் போகுது? நேத்துப் பெஞ்ச மழைய நம்பி ஊரே மெளகா நாத்து நட்டுருக்கு. இன்னொரு மழை விழுந்தா அம்புட்டும் பொழச்சுக்கிரும். விழலன்னா நாத்தோட நாங்களும் சருகுதான். இந்த வயித்துக்குள்ள எவனோ மழைக்காலத்துல ஊசி போட்டு, அதுக்காகவே வேலை போச்சுன்னு கேள்விப்பட்டேன். நெசமா?”

ஜெசிந்தா பஞ்சுச் சுருளைக் கீழே வைத்தாள். “அது நிரூபணம் ஆகல.”

“சார் சொன்னாரே, விசாரணையே வெச்சாகளாம்ல?” திருமேனிநாதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “அந்த மனுசன் மட்டும் ஈரத்துல பூசியிருக்கணும் தாயி, அவுகளுக்கு நான் செலையே வைக்கிறேன்.”

“வெயில்ல பூசியிருந்தா?”

மச்சக்காளை பல்லனின் வயிற்றைப் பார்த்தார். “அப்ப எங்க ஊர அவுக அழிச்சதா அர்த்தம்” என்று சொல்லிவிட்டு, வெற்றிலை துப்ப வெளியே போனார். அவர் போனதும் தலைவர் முதல்முறையாக வாயைத் திறந்து, “எங்க வயலும் கெடக்கு மேடம், நாலு ஏக்கரு” என்றார். செருப்புச் சத்தம் திரும்பி வரவும் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் வாலைத் துடைத்தாள், நகங்களைத் துடைத்தாள், துடைக்க ஒன்றுமில்லாத பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பற்களிலிருந்து யாரோ ஒரு காலத்தில் எண்ணெய் போட்ட ஒரு சாதாரண புரட்டாசிச் சாயங்காலம் வந்தது. ஊரில் அதை யாரும் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாற்றுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தன. வயிற்றில் வெயில் இருந்தால் அவள் புருஷன் உண்மை சொன்னவர், நாற்று கருகும். மழை இருந்தால் நாற்று பிழைக்கும், அவள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த வாக்கியம் பொய். இடையில் மரமும் ஒன்று இருந்தது. அந்தப் பிசினை எடுக்காமல் விட்டால் பல்லன் இந்த வருஷமே இரண்டாகப் பிளந்து உட்கார்ந்துவிடும். மரம் யார் கட்சி என்று சொல்லவில்லை. எடு என்று மட்டும் சொன்னது.

கடைசியில் ஒருநாள் முற்பகல் அவள் பல்லனைப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டச் சொன்னாள். செய்தி பரவி ஜன்னல் கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்தது. மாரியம்மன் கோயிலில் பெண்கள் குலவையிட்டு மழை கேட்டார்கள். உள்ளே ஜெசிந்தா சகாய மாதாவிடம் வெயில் கேட்டாள். இரண்டு தாய்மார்களுக்கும் அன்றைக்கு இக்கட்டுதான்.

அசிட்டோன் பஞ்சை வளையின் வாயில் வைத்துப் பொறுத்திருந்தாள். பிசின் இளகித் தேன் மாதிரி இழுத்தது. ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வழக்கமான வெயில். அது இன்றைய வெயிலா அன்றைய வெயிலா என்று தெரியவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து நிற்கப் பார்த்தது. அப்போது மண் வாசனை வந்தது. பிறகு வெளிச்சம் ஒரு படி இறங்கியது. பிறகு கச்சேரிக் கட்டடத்துத் தகரத்தில் ஒரு சொட்டு, சற்றுத் தள்ளி இன்னொரு சொட்டு.

வெளியே கூச்சல் கிளம்பியது. கொண்டப்பனின் மழை போல ஆடிக்கொண்டு வந்த மழை இல்லை இது. கார்த்திகை மாதத்து மழை, நிதானமானது, ஒரே சீராக நூல் விட்ட மாதிரி இறங்குவது, நாற்றின் வேரைத் தேடிப் போவது. விவசாயத்துக்கு இதைவிட நல்ல மழை கேட்டு வாங்க முடியாது. ஜெசிந்தா பஞ்சை எடுத்தாள், மழை நின்றது. ஜன்னல் கம்பிகளில் இருந்த முகங்கள் எல்லாம் அவள் கையைப் பார்த்தன. “நிப்பாட்டிறாதீக தாயி” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில். அவள் மறுபடி பஞ்சை நனைத்தாள். வளை வளையாகப் போனாள். ஒவ்வொரு துடைப்புக்கும் மழை வலுத்தது, ஒவ்வொரு துடைப்பும் அல்போன்ஸுக்கு எதிராக ஒரு சாட்சியைக் கூட்டி வந்து நிறுத்தியது, சாட்சிகளை அழைத்து வருவதோ அவள் கை. நாற்றுக்கும் போதும், மரத்துக்கும் போதும் என்று ஆகும்வரை, வயிற்றில் ஒரு துளிப் பிசின் இல்லாமல் போகும்வரை துடைத்தாள். அதன்பிறகு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்தில் போய் நின்று, பெய்து முடிகிற மழையைப் பார்த்துக் கத்தினாள்:

“ஊர் பூரா பொய் சொல்லும். நீரு என்னத்துக்கு ஓய் எனக்கிட்ட பொய் சொன்னீரு?”

முற்றத்து மூலையில் வாளியை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்த பெருமாயி நிமிர்ந்தாள். மருந்தம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“அடியாத்தீ. அந்த ஊசிக்காரரு ஒன் வீட்டுக்காரரா?”

ஜெசிந்தா தலையை மட்டும் அசைத்தாள்.

“மொதல்லயே சொல்லப்படாதா தாயி? நாந்தான அன்னைக்கு அவுக தலைக்கு மேல குடை புடிச்சேன்.”

“குடையா?”

“பெறகு? கூரை பூரா ஒழுகல். தொறப்பு விழாவுக்கு மேலிடத்துல நாள் குறிச்சிட்டாக. ‘நாள மாத்துங்க, சித்திரைக்குப் பாக்கலாம்’னு இவுக போன்ல மன்றாடுறாக, அந்தப் பக்கம் யாரோ வையிறாக. போன வெச்சிட்டு, ஊசிய எடுத்தாக. ‘வீட்டுல தெரிஞ்சா என்ன சொல்லுவீக’ன்னு நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ‘எங்க வீட்டம்மா இந்தத் தொழில்ல என்னையவிடக் கெட்டிக்காரி, அவகிட்ட மட்டும் வெயில்னுதான் சொல்லணும்’னு சிரிச்சாக.”

“இத விசாரணையில ஏன் சொல்லல நீங்க?”

“என்னய யாரு கேட்டா? வந்த சாருமாருக்கு டீ வாங்கியாரச் சொன்னாக. வாங்கியாந்தேன்.”

ஜெசிந்தா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். கோபம் போய்விடவில்லை. தன் புருஷன் உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தார், அது நாம்தான் என்று தெரிய வந்தால் ஒரு பெண் கோபப்படுவதா வேண்டாமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. பெருமாயி வாளியை மாற்றி வைத்தாள்.

மச்சக்காளை சொன்ன சொல் தவறாதவர். சிலைக்கு வசதி போதாததால் கல்வெட்டு என்று தீர்மானமாயிற்று. நாற்று வேர்பிடித்து நின்ற வாரத்தில் கருப்புக் கல்லோடு வந்து நின்றார்.

“அவுக என்ன செஞ்சாகன்னு நாலு வரி எடுப்பாச் சொல்லுங்க தாயி. ஒங்க வீட்டுக்காரருன்னு பெருமாயி சொல்லிச்சு. நீங்க சொன்னாத்தான் பொருத்தமா இருக்கும்.”

ஜெசிந்தாவுக்கு அல்போன்ஸைப் பற்றி மனப்பாடமாகத் தெரிந்த நாலு வரி ஒன்றுதான் இருந்தது. குற்றப்பத்திரிகை. அதைப் பல வருஷம் பாராமல் சொல்லியிருக்கிறாள். இப்போதும் சொன்னாள்: “‘மேற்படி நபர், மழை பெய்துகொண்டிருக்கையிலேயே, தொழில்முறை விதிகளுக்கு முற்றிலும் மாறாக, தன் சொந்தப் பொறுப்பில் பூச்சு வேலையை மேற்கொண்டார்.’”

“பிரமாதம்!” என்றார் மச்சக்காளை. “‘விதிகளுக்கு முற்றிலும் மாறாக’, அந்த எடத்துலதான் தாயி எனக்குப் புல்லரிக்குது.” அப்படியே வெட்டினார்கள். ‘மேற்படி நபர்’ என்ற இடத்தில் மட்டும் ‘வள்ளல் அல்போன்ஸ் அவர்கள்’ என்று மாற்றினார்கள். திறப்பு விழாவில் அவளைப் பேச அழைத்தார்கள். மைக்கைப் பிடித்து, “அவர் ஈரத்தில் பூசினார். பூசியிருக்கக் கூடாது” என்றாள். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அறிக்கையிலும் அவள் அதையே எழுதினாள், பொருள்: செயற்கைப் பிசின், பூசிய காலம்: கார்த்திகை, மழையின்போது, விளைவு: உளுப்பு. மழை பெய்ததை இதர குறிப்புகளில் போட்டாள். யாரும் படிக்கவில்லை.

எல்லாம் எடுத்தாயிற்று. பல்லன் ஒன்றும் உடுத்தாமல் நின்றது. மெலிந்துதான் போயிருந்தது, ஆனாலும் நின்றது. இனி ஜெசிந்தா பூச வேண்டும். அந்த வருஷம் ஐப்பசியில் ஊரின் சொந்தக் கணக்கில் இரண்டு நாள் மழை பெய்தது. பெய்த உடனே மச்சக்காளை பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

“இப்பப் பூசுங்க தாயி. இந்த மழைய அப்படியே உள்ள போட்டு மூடிருங்க. பேரன் பேத்திக வேணுங்கறப்பத் தொறந்துக்கிருவாக.”

“இப்பப் பூசினா இருபது வருசத்துல மரம் இருக்காது.”

“இருபது வருசத்துக்கு ஒருக்கா ஒரு மழை! அது போதாதா?”

அவள் பிரஷ்ஷை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கார்த்திகை போயிற்று, தை போயிற்று. திருமேனிநாதன் சமாதானம் பேசினார். தெருவில் பெண்கள் முகம் கொடுக்கவில்லை. டீக்கடையில் அவளுக்கு மட்டும் டீ ஆறித்தான் வந்தது. ஏற்கெனவே ஒரு முறை அல்போன்ஸை நாள் குறித்து அவசரப்படுத்திய கதையை யாரிடமும் சொல்லாமல், பங்குனியையும் தாண்டி மரத்தைக் காயவிட்டாள்.

சித்திரையில் ஒரு நாள், சட்டி காயும் என்றால் உண்மையாகவே காயும் வெயிலில், பல்லனை முற்றத்துக்குக் கொண்டு வந்து பூசத் தொடங்கினாள். ஊர் கூடிவிட்டது. மச்சக்காளை கடைசி முயற்சியாகத் தீயணைப்பு வண்டி ஒன்றைப் பேசிக் கூட்டி வந்து, மேலே தண்ணீரை வீசி அடித்தால் ஏதாவது கொஞ்சம் உள்ளே மாட்டாதா என்று சாலையில் நிறுத்தியிருந்தார்; பெருமாயி துடைப்பத்தோடு வாசலை மறித்துக்கொண்டு, “குழாய நீட்டு பாப்போம், நீட்டு பாப்போம்” என்று நின்றாள். காதுக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை, மார்பின் பள்ளத்துக்கு மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் அந்த வருஷத்து வெயில் ஒரு சுற்று உள்ளே போய் உட்கார்ந்தது.

வயிற்றுக்கு வந்து குனிந்தபோது, அவள் நெற்றியிலிருந்து வேர்வை ஒன்று உருண்டு, மூக்கு நுனியில் நின்று, மரத்தின்மேல் விழுந்தது.

ஊர் மூச்சை நிறுத்தியது. ஒரு சொட்டு. உள்ளே மாட்டினால் நாளைக்கு ஒரு சொட்டு மழையாவது. “தொடைக்காதீங்கம்மா!” என்று ஒரு குரல் வந்தது. “இருந்துட்டுப் போகட்டும் தாயி, ஒண்ணே ஒண்ணு” என்றது இன்னொன்று. தலைவர் அங்கயற்கண்ணி, வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே, “மேடம், மேடம்” என்றார். ஜெசிந்தா பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளவென்று, அழகாகத்தான் இருந்தது. அதன்மேல் அப்படியே ஒரு கை இழுத்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பஞ்சை எடுத்து ஒற்றி எடுத்தாள். காயும்வரை பொறுத்தாள். பிறகு பூசினாள்.

கூட்டம் உச் கொட்டிக்கொண்டு கலைந்தது. பெருமாயி துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தாள்.

“ஒனக்குக் கல்லு வெட்ட மாட்டாக தாயி. நாளைக்கு எவளாச்சும் வந்து இதத் தொறப்பா. ஊரே வெந்துபோயி ஒன்னய அந்த ஏச்சு ஏசும்.”

“ஏசட்டும் அக்கா” என்றாள் ஜெசிந்தா, பிரஷ்ஷை வழித்துக்கொண்டே. “ஏசணும்னாலும் தொறக்கிறதுக்கு மரம் இருக்கணும்லா.”